மூன்று பேனருக்கு ஒரு மெஷின்

எங்கள் காலேஜில் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஒரே வருஷத்தில் மூன்றாக வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதே கட்டடம், அதே பதினொரு வாத்தியார்கள், லேப்பில் அதே சுலோசனாவாகிய நான். ஜூலையில் பிள்ளைகள் மட்டும் மூன்று மடங்காக வந்து இறங்கினார்கள். வாசலில் ஆட்டோமொபைல் என்று ஒரு போர்டு, மாடிப்படி அருகே ரோபோட்டிக்ஸ் என்று இன்னொன்று. முதல் வாரம் பிள்ளைகள் என்னிடம்தான் வழி கேட்டார்கள். எந்தப் பக்கம் கை காட்டினாலும் சரியாக இருந்தது.

ஒன்பது வருஷமாக நான் இங்கே தற்காலிக லேப் டெக்னீஷியன். வீராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். இன்ஸ்பெக்‌ஷனில் புது கோர்ஸ் ரெண்டும் தேறிவிட்டால் என்னை பர்மனென்ட் ஆக்குவதாக எச்.ஓ.டி. அன்பழகன் சார் சொல்லியிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. யார் எது கேட்டாலும் சரி சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

லேப்பில் இரும்புக் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பது என் வேலை. இந்த வருஷம் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துவிட்டேன். நடுப்பொட்டு வழிந்து டயல் வரைக்கும் இறங்கிவிட்டது. பூஜை முடிந்த மறுநாளே, கோர்ஸுக்கு ஒரு மெஷின் இருப்பதாக ஃபைலில் காட்டப் படம் எடுக்க போட்டோகிராபர் வந்தார். மெஷினுக்குப் பின்னால் மெக்கானிக்கல் பேனர் கட்டி ஒரு படம், ஆட்டோமொபைல் பேனர் கட்டி ஒரு படம், ரோபோட்டிக்ஸ் பேனர் கட்டி ஒரு படம். பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பொட்டைத் துடைத்துவிட்டு எடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்?

மார்ச்சில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிர்மலா மேடம் வந்தார்கள். மூன்று படங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

"மூணுலயும் சந்தனம் ஒரே மாதிரி வழிஞ்சிருக்கே. யார் வெச்சது?"

"நான்தான் மேடம்."

"மத்த ரெண்டு மெஷின் எங்க?"

"சர்வீசுக்குப் போயிருக்கு மேடம்" என்று அன்பழகன் சார் முந்திக்கொண்டார். அந்த மாதிரி மெஷினைத் தூக்கவே கிரேன் வேண்டும். மேடம் அவர் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தார்கள்.

ஆமாம் என்றால் வேலை நிரந்தரம். இல்லை என்றால் சார் மாட்டிக்கொள்வார். வாயைத் திறக்கும்போதுகூட என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஒரே மெஷின்தான் மேடம். பேனர மாத்தி மாத்திக் கட்டி எடுத்தாங்க. நானும்தான் புடிச்சேன்."

சொன்ன பிறகு பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மேடம் கோபப்படவில்லை. ரெண்டு ஃபைல்களை மூடி ஓரமாக வைத்தார்கள்.

"புது கோர்ஸ் ரெண்டும் நிக்காது. பழைய மெக்கானிக்கலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க பேரு என்னம்மா?"

"சுலோசனா."

போகட்டும், பழையபடி தற்காலிகமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மேடம் மெக்கானிக்கல் ஊழியர் பட்டியலை எடுத்தார்கள். விரல் மேலிருந்து கீழே போனது, மறுபடி மேலே வந்தது.

"இதுல நீங்க இல்லயேம்மா."

மூடிய ஃபைல்களைத் திரும்பத் திறந்தார்கள். ஆட்டோமொபைலில் இருந்தேன். ரோபோட்டிக்ஸிலும் இருந்தேன். ரெண்டு இடத்திலும் என் பெயருக்கு நேராக பர்மனென்ட் என்று போட்டிருந்தது.

"இங்கேருந்து ஏன் சார் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"புதுசுலதான் போஸ்ட் இருந்துச்சு. உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன் சுலோசனா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டுவதா, என் வாயைத் திட்டுவதா என்று புரியவில்லை.

"அப்ப நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல வேலை செய்றீங்கம்மா?" என்று மேடம் தன்மையாகத்தான் கேட்டார்கள்.

ஒன்பது வருஷமாக வந்துபோகிற இடம். பெயருக்குப் பதில், லேப் இருந்த பக்கம் கை காட்டினேன்.