இரண்டு கவிஞர்களும் ஒரு சேலைக்கடைக்காரியும்

எங்கள் வீட்டில் இரண்டு கவிஞர்களால் ஓயாத சண்டை. என் கணவர் குணரத்தினத்துக்கு நிலாப்பிரியன் என்றால் உயிர். வேங்கைமாறன் என்றால் சோறு இறங்காது. "இதெல்லாம் ஒரு பாட்டே?" என்று வானொலியை நிறுத்திவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரும் நான்தானே!

முதலில் என் சொந்தப் பெயரில்தான் பாடகர் உதயனுக்குப் பாட்டு அனுப்பினேன். மனுசன் திறந்தும் பார்க்கவில்லை. அதே பாட்டை நிலாப்பிரியன் என்று போட்டு அனுப்பினேன். அன்றைக்கே "அருமை அண்ணை" என்று பதில் வந்தது. பிறகு விடுவேனா? காதல் பாட்டுக்கு நிலாப்பிரியன், குத்துப்பாட்டுக்கு வேங்கைமாறன். உதயன் மெட்டைத் தொலைபேசியில் அனுப்புவார். வேலைக்குப் போக எங்கள் புறநகர் பியர்ஃபித்தில் ரயில் ஏறினால் கார் து நோர் நிலையம் வருவதற்குள் பல்லவி தயார். சரணம், லாச்சப்பலில் நான் வேலை செய்கிற சேலைக்கடையில் சேலை மடிக்கிறபோது வரும்.

இந்தக் கோடையில் உதயனின் கச்சேரி. விழாக்குழுத் தலைவர் என் வீட்டுக்காரர்தான். இரு கவிஞர்களுக்கும் மேடையில் பொன்னாடை என்று அறிவித்துவிட்டார். நிலாப்பிரியனுக்குத் தானே போர்ப்பாராம்; மற்றவருக்கு வேறு யாராவது போர்க்கட்டுமாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அந்த மேடையிலும் வாய் திறக்காவிட்டால் என் பெயர் எந்தப் பாட்டிலும் வராது என்று பட்டது.

மண்டபம் நிறைந்த சனம். நிலாப்பிரியனை அழைத்தார்கள். எழுந்து மேடைக்குப் போனேன். கவிஞர் வருகிற நேரத்தில் எனக்கு இங்கே என்ன வேலை என்று இவர் பல்லைக் கடித்தார்.

"இஞ்சருங்கோ, அது நான்தான். மற்றவரும் நான்தான்."

அவர் நம்பவில்லை. மைக்கைப் பிடுங்கி, இன்னும் வெளிவராத பாட்டின் பல்லவியைப் பாடினேன். அது உதயனுக்கும் கவிஞருக்கும் மட்டுமே தெரியும். உதயன் ஓடிவந்து கூடப் பாடத் தொடங்கினார். மண்டபம் எழுந்து ஆடியது. ஐயோ, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல!

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கிப் பெருமையோடு முழங்கினார்.

"எங்களை இவ்வளவு நாளும் மயக்கினவர் வேறை ஆருமில்லை, திருமதி குணரத்தினம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பொன்னாடையோடு வந்த இவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது என்ரை மூண்டாவது புனைபெயர். தாட்சாயினி எண்டு சொல்லுங்கோ."

மனுசன் மைக்கை மறுபடி தூக்கினார். பிறகு சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.