நாற்பத்திரண்டாவது கல்

மலைச்சாலையில் போகிற எல்லோரும் பெயிண்டரின் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். பெயிண்டரைத்தான் யாருக்கும் தெரியாது. 'காட்சி முனை, 200 மீட்டர்', 'பாறை ஏறுவோர் பதிவு செய்யவும்', 'குப்பையை உங்களோடு எடுத்துச் செல்லவும்', எல்லாம் அவர் கை. மற்ற பலகைகளை நெடுஞ்சாலைத் துறை இயந்திரத்தில் வெட்டிய ஸ்டிக்கரில் ஒட்டிவிடும். பொழுதுபோக்கு இடங்களுக்கு மட்டும் மரப்பலகை, பழுப்புப் பின்னணி, கையால் எழுதிய வெள்ளை எழுத்து என்று எந்த மேலதிகாரியோ எப்போதோ உத்தரவு போட்டிருந்தார். அந்தப் புண்ணியவானின் பெயர்கூடப் பெயிண்டருக்குத் தெரியாது.

சாலை நெடுக அப்படிப் பதினொரு இடங்கள். முதல் இடத்தில் சாப்பாட்டு மேஜைகள். அதில் பாதி குளவிகளுக்குச் சொந்தம். மூன்றாவதில் ஒரு பெரிய தொலைநோக்கி, மூடுபனியை மிகத் துல்லியமாகக் காட்டும். ஏழாவதில் சைக்கிள் பாதை. சிரித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி வருவார்கள். வருகிறவர்கள் பொல்லாதவர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பலகை இருக்கிற இடத்தில் மட்டும்தான் நிற்பார்கள். பலகை இல்லையென்றால் சொர்க்கமே பக்கத்தில் இருந்தாலும் ஜன்னலை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் பன்னிரண்டாவது இடம் பிழைத்துக் கிடந்தது.

அது நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர் கல்லுக்கு அடுத்து, தடுப்புக்கம்பி முடிகிற இடத்தில் இருந்தது. புதரை விலக்கி முந்நூறு மீட்டர் இறங்கினால் ஓடை ஒரு பாறைக் கிண்ணத்துக்குள் விழுந்து மடுவாகத் தேங்கும். கழுத்தளவு ஆழம், அடியில் கூழாங்கல் தெரியும். வீட்டில் அந்த இடத்துக்கு வேறு பெயர் கிடையாது. "நாளைக்கு நாப்பத்திரண்டு போலாமாப்பா?" என்று மகள் கேட்டால் அவ்வளவுதான், அவர் விடுமுறை எழுதிக்கொடுத்துவிடுவார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் கழுத்தடியில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பதினாறு வயதுக்குள் தோள், முதுகு, இரண்டு கைகள் என்று பரவிவிட்டது. டாக்டர், "ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணுமில்ல" என்றார். உயிருக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் நகராட்சி நீச்சல்குளத்தில் அவள் இறங்கியபோது ஒரு தாய் தன் பிள்ளைகள் இரண்டையும் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டார்கள். அத்தனை பெரிய குளத்தில் பிள்ளை மட்டும் தனியாக நின்றாள். அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், கோடையிலும் அதே கோலம்.

மடுவைக் கண்டுபிடித்தது பெயிண்டர். அதில் மகளை இறக்கியது மச்சினன், மனைவியின் தம்பி. சுற்றுலாப் பிரிவில் இடங்களை ஆய்வு செய்து வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. பள்ளிக்கூட நாளில் நீச்சலில் கோப்பை வாங்கியவன். கரையில் பொத்தானைப் பிடித்தபடி நின்ற மருமகளிடம், "தண்ணிக்குக் கண்ணு கிடையாதும்மா, இறங்கு" என்று சொன்னான். அவள் இறங்கினாள். மூன்றே மாதத்தில் மாமனைப் பின்னால் விட்டுவிட்டு நீந்தினாள். நாலு வருஷமாக அந்த மடுவைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மனைவிக்கு அப்படி ஒரு இடம் இருப்பது தெரியும், முழங்கால் வலியால் இறங்கிப் பார்த்ததில்லை. நீந்திவிட்டு, ஈரத் தலையோடு, கை தெரிய பாறையில் உட்கார்ந்து மகள் சிரிக்கிற சிரிப்பை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் வாரம் முழுக்க டர்பென்டைன் வாசனையைப் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன வருஷம் சாலையில் ஒரு சுரங்கப்பாதை திறந்தார்கள். வளைந்து வளைந்து ஏறிய பாதையில் நாலு கிலோமீட்டர் மிச்சமாயிற்று. சுரங்கத்துக்கு அப்பால் நிற்கிற கற்களுக்கெல்லாம் நாலைக் கழித்துப் புது எண் போட்டார்கள். துறையில் கல் ஒரு பிரிவு, பலகை ஒரு பிரிவு, நடுகிற ஆட்கள் இன்னொரு பிரிவு. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்தால் உலகம் அழிந்துவிடும் போல. இருபது வருஷமாகப் பழைய எண்ணிலேயே வாழ்ந்த பெயிண்டருக்குப் புது எண் மண்டையில் ஏறவே இல்லை. கல்லைப் பார்ப்பார், படிப்பார், வாய் பழையதைத்தான் சொல்லும். மச்சினன் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "அத்தான் இன்னும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாரு, யாராவது கூட்டிட்டு வாங்கப்பா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், பெயிண்டரும் சிரிப்பார்.

இந்தக் கோடைக்கு முன்னால் பலகை எழுதச் சொல்லி ஒரு சீட்டு வந்தது. 'கி.மீ. 38. இயற்கை நீச்சல் இடம். இடப்புறம், 300 மீட்டர்.' கீழே மச்சினனின் கையெழுத்து. பெயிண்டருக்கு ஒரே சந்தோஷம். அவர் கணக்கில் முப்பத்தெட்டு என்றால் அணைத் தேக்கம், அதுவும் சாலைக்கு இடப்புறம்தான். ஜனங்கள் வருஷக்கணக்காக அங்கே குளிக்கிறார்கள், ஆழம் தெரியாமல் தத்தளிக்கிறார்கள், ஒரு பலகை கிடையாது. இரண்டு முறை மனு எழுதிக்கொடுத்து ஓய்ந்திருந்தார். பரவாயில்லை, மச்சினன் நம் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சந்தோஷமாக வேலை செய்கிற மனிதன் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிடுவான். எழுத்தை முடித்த பிறகு மூலையில் நீந்துகிற ஆள் படம் போட வேண்டும். துறை கொடுத்த தகட்டு அச்சில் இருப்பது ஒரு மொட்டைத் தலை, ஒரு கை, மூன்று அலை. அவருக்கு அது பிடிக்கவில்லை. அச்சை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே வரைந்தார். முழங்கை சற்று மடங்கி, தலை இடப்பக்கம் திரும்பி, தண்ணீரில் பின்னால் நீள்கிற ஒற்றைச் சடை. நீச்சல் என்றால் அவருக்குத் தெரிந்த நீச்சல் அது ஒன்றுதான். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது தன் மகள் என்று கண்டுகொண்டார், தானாகச் சிரித்துக்கொண்டார். சாயம் காய்ந்ததும் நடுகிற ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறைக் காலையில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். மகள் வேனில் காலை நீட்டி உட்கார்ந்து, தான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கடைசித் திருப்பத்தில் பேச்சு நின்றது.

தடுப்புக்கம்பி முடிகிற இடத்தில் ஒன்பது கார்கள் நின்றன. புதரை வெட்டிச் சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். காற்றடைத்த மிதவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தடித்த ஆள் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். கீழிருந்து கூச்சலும் பாட்டும் கேட்டன. பாதையின் வாயில் பழுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, அம்புக்குறி.

மகள் வேனிலிருந்து இறங்கிப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது உங்க எழுத்துப்பா" என்றாள்.

"நான் எழுதல கண்ணு. எழுதினேன், ஆனா இதுக்கு எழுதல. அணைக்குன்னு நினைச்சு..." தன் வாயிலிருந்து வருவது தனக்கே பொய்யாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற கல்லைப் பார்த்தார். புது வெள்ளையில், கொட்டை எழுத்தில், முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டில் நாலு போனால் அதுதான்.

மகள் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.

மறுநாள் காலை அவர் சுற்றுலாப் பிரிவுக்குப் போனார். மச்சினன் மேஜையில் புது வரைபடம் விரித்திருந்தது. பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டாவதுக்குப் பக்கத்தில் 'புதியது!' என்று சிவப்பில் ஒரு நட்சத்திரம்.

"அத்தான், உக்காருங்க. கோவமா இருப்பீங்கன்னு தெரியும்."

"ஏண்டா மாப்ளே?"

"ஆளுக்கு ஒரு புது இடம் கொடுக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. எல்லாரும் கொடுத்துட்டாங்க, நான் மட்டும் வெறுங்கையோட நின்னேன். தலைமை அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கறாங்க. எத்தனை வருஷம் நான் இந்த மலையில காலு தேய நடக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"சீட்டு உங்களுக்குத்தானே வந்துச்சு? நம்பர் போட்டுத்தானே அனுப்பினேன்? நீங்க எழுதிக் கொடுத்தீங்க. சரி, அத்தானுக்குச் சம்மதம்னு நினைச்சேன்."

பெயிண்டர் அவன் முகத்தையே பார்த்தார். "எனக்குப் புது நம்பர் ஏறாதுன்னு உனக்குத் தெரியும்டா. வருஷம் பூரா அதைச் சொல்லித்தானே சிரிச்ச."

மச்சினன் வரைபடத்தின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தான். தெரியாமல் செய்த தப்பு என்றால் மனிதன் இந்நேரம் வாய் ஓயாமல் பேசியிருப்பான். பெயிண்டரைக் கேட்டால் மறுப்பார் என்று தெரிந்துதான் அவர் கையை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டிருக்கிறான். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கிண்டலும் செய்துகொண்டே.

"பலகையைப் பிடுங்கச் சொல்லு."

"பலகையைப் பிடுங்கலாம் அத்தான். வரைபடம் ஊர் பூராவும் போயிடுச்சே."

"அப்ப அவகிட்ட நீயே வந்து சொல்லு. நான்தான்மா பண்ணேன், உங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு சொல்லு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன். சாயங்காலம் வரேன்."

வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, மகளுக்குப் பிடிக்குமென்று ஒரு பெட்டி இனிப்போடு வந்தான். தம்பி தலைமை அலுவலகத்துக்குப் போகப்போகிறான் என்று மனைவிக்குத் தலைகால் புரியவில்லை, இலையில் வைப்பது போலப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். மகள் தட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர் ஒரு கவளம்கூட இறங்காமல் மச்சினனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

மகள் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் மாமன்மேல் இருந்த நம்பிக்கையைப் பெயிண்டரும் பார்த்தார், மச்சினனும் பார்த்தான். நாலு வருஷம் தண்ணீரில் அவளைத் தாங்கிப் பிடித்தவன் அல்லவா. அவன் அக்கா பக்கம் திரும்பினான், தண்ணீர் குடித்தான், டம்ளரை வைத்தான்.

"அப்பாமேல கோவப்படாத. அவரு உன் நல்லதுக்குத்தான் பண்ணாரு. பிள்ளை எத்தனை நாளைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு குளிக்கும்னு அவருக்கும் மனசு இருக்குமில்ல?"

"டேய்!" என்று பெயிண்டர் எழுந்தே விட்டார். "என்னடா சொல்ற? நீதானடா சீட்டு அனுப்பின? நம்பரை வச்சு என்னை ஏமாத்தினது நீதானடா?"

"என்னங்க இது, வீட்டுக்கு வந்தவன்மேல பழியைப் போடறீங்க?" என்றாள் மனைவி. "அவன் தூக்கி வளர்த்த பிள்ளைங்க இவ. எழுதினது நீங்கதானே?"

"எழுதினது நான்தான். ஆனா நம்பர்..."

"அப்பா." மகளின் குரல் உயரவே இல்லை. "சீட்டு யார் வேணா அனுப்பியிருக்கட்டும். நம்பர் தப்பாவே இருக்கட்டும். அந்தப் பலகையில நீந்தறது யாரு?"

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"துறை அச்சுல மொட்டைத் தலைதானே இருக்கும்? நீங்கதானே காட்டினீங்க. சடை யாருப்பா போட்டது? மாமாவுக்கு வரைய வருமா?"

மச்சினன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். குழம்பைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தான்.

ஆசையில் வரைந்தேன் என்று எப்படிச் சொல்வது? உன்னை நினைக்காமல் எனக்கு நீச்சலே வரைய வராது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அது இன்னும் பெரிய பொய்யாகத்தான் கேட்கும்.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"ஊரே என் உடம்பைப் பாக்கட்டும்னு அம்புக்குறி வேற" என்றாள் மகள். கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

காலையில் பெயிண்டர் பழுப்பு டப்பாவையும் ஒரு சின்னப் பிரஷையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். பலகையைப் பிடுங்க அவருக்கு அதிகாரம் இல்லை. படத்தைத் திருத்த உண்டு. மண்டியிட்டு உட்கார்ந்து சடையை நுனியிலிருந்து அழித்துக்கொண்டு வந்தார். நல்ல வெள்ளை, அவரே பார்த்துப் பார்த்துக் குழைத்தது, லேசில் மறையவில்லை. மூன்று தடவை பூசியும் அடியில் கோடு தெரிந்துகொண்டே இருந்தது. கண் கலங்கியதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார், கன்னத்தில் பழுப்பு அப்பிக்கொண்டது.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஜன்னலை இறக்கி ஒரு பெண் தலையை நீட்டினாள். பின்சீட்டில் துண்டும் மிதவையுமாகப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, நீச்சல் இடம்னு புதுசா வந்திருக்காமே. அது இதுதானா?"

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் கதவைத் திறக்கத் தயாராக இருந்தன.

"இதுதாம்மா" என்றார். "இடது பக்கம். முந்நூறு மீட்டர்."