ஐந்தாவது மோட்டார்

நைனார்பாளையத்தின் வடக்குக் காட்டு நிலங்களில் ஐந்து மோட்டாருக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். நான்கு ஓடினால் தாங்கும். ஐந்தாவது கிளம்பினால் பீஸ் போய்விடும். லைன்மேன் வருவதற்குள் ஒரு நாள் தண்ணீர் போய்விடும். ஆகவே தினம் ஒருவர் தன் மோட்டாரை நிறுத்தி வைப்பது என்று முறை வைத்து, ஐந்து பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

முதல் முறை கண்ணகியுடையது. நிறுத்தினாள். மறுநாள் பாவாடையின் முறை. கரண்ட் வந்ததும், கண்ணகி ஸ்டார்ட்டரைத் தொடுவதற்குள் நான்கு மோட்டார்களும் ஓடின. மோட்டாரைத் தானாகவே கிளப்பிவிடும் ஆட்டோ சுவிட்சை யாரும் கழற்றவே இல்லை. "மறந்துட்டேன்க்கா" என்றான் பாவாடை.

இன்று பிச்சைமுத்துவின் முறை. இன்றும் நான்கு சத்தம். அவளுடைய மக்காச்சோளம் பூவெடுத்து நின்றது. இப்போது காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. வரப்பைச் சுற்றிக்கொண்டு பிச்சைமுத்துவிடம் போனாள்.

"மாமா, இன்னிக்கு நீங்கதான நிறுத்தணும்?"

"நேத்து பாவாடை நிறுத்துனானா? அவன் ஓட்டிக்கினு இருப்பான், நான் மட்டும் இன்னா இளிச்சவாயனா?"

அடுத்த வரப்பில் நின்ற பாவாடையோ, "அவரு மொதல்ல நிறுத்தட்டும்க்கா. உன்ன மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் இந்த நாலாச்சும் ஓடுது" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சோர்வடையச் செய்தது. திரும்பி வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஒரு முறை உறுமியது. தூரத்தில் டப்பென்று வெடித்தது. காடே அடங்கிப்போனது.

நால்வரும் டிரான்ஸ்பார்மரடிக்கு ஓடி வந்தார்கள்.

"எவன்டா போட்டது?" என்று கத்தினார் பிச்சைமுத்து.

"நான்தான் மாமா."

"கிறுக்கா புடிச்சிருக்கு? உன் சோளமும்தான காயுது!"

"அது எப்படியும் காயத்தான் போவுது. முறைக்காரங்க நிறுத்தலன்னா நாளைக்கும் போடுவேன்."

"பொம்பளைக்கு இம்மாம் வீம்பு ஆவாது" என்றான் நால்வரில் ஒருவனான சின்னக்கண்ணு.

பீஸ் போட்டு மறுநாள் கரண்ட் வந்தபோது, பொத்தானில் விரலை வைத்தபடி காது கொடுத்து நின்றாள். மூன்று சத்தம்தான் கேட்டது. அழுத்தினாள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

பிச்சைமுத்து வரப்போரம் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்து விட்ட முறைக்கு இன்னிக்கு நிறுத்திட்டேன். நாளைக்குச் சின்னக்கண்ணு. அவன் லேசுல கேக்க மாட்டான். நீதான் நின்னு பாத்துக்கணும்."

"தினமுமா மாமா?"

"வேற யாரு பாப்பாங்க?"

கண்ணகி மண்வெட்டியை எடுத்து மடையைத் திருப்பப் போனாள்.