ஏவலாள் சீட்டின் சிங்கம்

2004 மாசி மாதம், யாழ்ப்பாணத்தார் குடியேறிய பனிநாட்டு நகரொன்றின் வெஸ்ட்லிப் பகுதியில், வசந்தமலர் வாங்கி வந்த சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சிங்கம் இறங்கி, பல்கனியில் போய் உட்கார்ந்தது. பூனை அளவுதான் இருக்கும், செக்கச்சிவந்த பிடரி. வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது விட்டுப்போன ஏவலாள் சீட்டில் வெறும் கேடயம் மட்டும் மிஞ்சியது.

அதன் கோபத்தில் நியாயம் இருந்தது. 1659இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு கெட்டிக்காரர் பெருங்குடும்பங்களின் குலச்சின்னங்களைச் சீட்டுகளில் அச்சடித்தார். விளையாடிக்கொண்டே சின்னங்களைப் படித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். எப்பேர்ப்பட்ட மூளை! ஆனால் சில பிரபுக்களின் சின்னம் ஏவலாள் சீட்டில் விழுந்துவிட்டது. ராசா, ராணிக்குக் கீழே, வேலைக்காரனாக! பிரபுக்கள் கொதித்தார்கள், அச்சுத் தகடுகள் பறிமுதலாயின. அவர் ஏவலாளை இளவரசன் என்று மாற்றித்தான் தகடுகளை மீட்டார். மாற்றுவதற்கு முன்பே அச்சான கட்டு ஒன்று தப்பி, கைமாறிக் கைமாறி, வெஸ்ட்லிக்குப் பக்கத்து ரொம்மனில் நடந்த பழைய சாமான் சந்தைவரை வந்திருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சிங்கம் அவமானத்தைப் பொறுத்திருந்தது. நம்மில் யாருக்கு அவ்வளவு பொறுமை வரும்?

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். இந்தச் சிங்கம் வசந்தமலர் வைத்த ஆட்டிறைச்சிக் கறியையே தொடவில்லை. நாளுக்கு நாள் வெளிறியது. பங்குனியில் அதன் உடம்பினூடாகப் பல்கனிக் கம்பி தெரிந்தது. சீட்டில் ‘இளவரசன்’ என்று எழுதிக் காட்டியும் அது திரும்பவில்லை. “இஞ்சேருங்கோ, இது கரைஞ்சு போகப்போகுது” என்று அவள் கணவன் குணசிங்கத்திடம் அழுதாள்.

அந்த ஞாயிறு குணசிங்கத்தின் கூட்டாளிகள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆட வந்தார்கள். வழக்கமாக ஆடும் கட்டில் ஒரு சீட்டைக் காணவில்லை என்பதால் இந்தக் கட்டை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தாரின் அந்த ஆட்டத்தில் ராசாவுக்கு மூன்று புள்ளி. ஏவலாளை அவர்கள் வீரன் என்பார்கள்; அதற்கு முப்பது. கூட்டாளி வின்சென்ற் ராசாவை இறக்கினான். குணசிங்கம் வெறும் கேடயச் சீட்டை மேசையில் ஓங்கி அடித்தான்.

“உன்ரை ராசாவுக்கு மூண்டு, என்ரை வீரனுக்கு முப்பது! தாடா!”

பல்கனியில் தலை திரும்பியது. வசந்தமலர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சிங்கம் கம்பளத்தில் பனியை உதறிவிட்டு மேசையில் ஏறி, தோற்றுக் கிடந்த ராசாவை ஆசைதீரப் பார்த்தது. பிறகு தன் கேடயத்துக்குள் ஏறி, பழைய சிவப்போடு நின்றது. அவளுக்கு வந்த சந்தோசத்தில் எல்லோருக்கும் இரண்டாம் தரமும் தேத்தண்ணீர் கிடைத்தது.

அதிலிருந்து அந்தக் கட்டில்தான் ஆட்டம். ஒரே தொல்லை, வீரன் யார் கைக்குப் போனாலும் சிங்கம் மகிழ்ச்சியில் உறுமிவிடும். யாரிடம் இருக்கிறதென்று மேசை முழுவதற்கும் தெரிந்துவிடும். “இதென்ன ஆட்டமடாப்பா?” என்று வின்சென்ற் சலித்துக்கொள்வான். வேறு கட்டு எடுப்போமா என்று குணசிங்கம் கேட்டால் மட்டும், “சீச்சீ, அவர் இருக்கட்டும்” என்பான்.