முன்கூட்டியே போட்ட கோடு

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, மெர்வின் பெக் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தான் இன்னும் பார்க்காத ஒரு விமானத்தின் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார். இடது கையில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, வலது கையில் பேனா. மேசை விளக்கை, எல்லா விமானப் பெயரும் அச்சிட்ட பதிவேட்டின் மேல் முட்டுகிற அளவுக்கு இழுத்து வைத்திருந்தார். இரும்பு அளவுகோல் இருந்ததால் கோடு நேராகவே விழுந்தது. ஆரஞ்சு வால் வைத்த அந்த உல்லாசப் பயண நிறுவனத்துக்கு மொத்தம் முப்பத்திரண்டு விமானங்கள். இருபத்தாறு வருஷத்தில் முப்பத்தொன்றுக்குக் கோடு போட்டாயிற்று. இதுதான் கடைசி. அதன் கடைசி இரண்டு எழுத்துகள் எல், ஒய்; விமானிகள் சொல்லும் வழக்கப்படி லீமா யாங்கி. அது இன்று பதினோரு மணிக்கு ஹேட்டன்பரிக்கு வருகிறது. போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று ஊர் எல்லையில் இருக்கிறது. வயதான விமானங்கள் அங்கே வந்து இறங்கி, வெட்டுப்பட்டு, பழைய இரும்பாகப் போகும்.

பொழுதுபோக்காக விமானம் பார்த்துக் குறித்துக்கொள்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வால் பக்கம் எழுதியிருப்பதைக் கண்ணால் படித்த பிறகே பதிவேட்டில் கோடு. கூட நிற்கும் கூட்டாளி பார்த்து உரக்கச் சொன்னாலும் செல்லும். டீ ஊற்றுகிற நேரத்தில் ஒருத்தர் கண் இன்னொருத்தருக்கு உதவி. மற்றபடி சரிபார்க்க ஆள் இல்லை, பரிசு இல்லை, பொய்க் கோடு போட்டால் ஏன் என்று கேட்க நாதியில்லை. அதனாலேயே யாரும் போடுவதில்லை. மெர்வினும் அறுபத்தொன்பது வயது வரை போட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கண்ணில் வந்தது கோளாறு. பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இதற்குக் கண்ணாடி உதவாது என்று டாக்டர் சொன்னார். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் அழிந்துவிடும், சுற்றியிருப்பதெல்லாம் இருக்கும். காரை விற்றார். மனைவி க்ளெனிஸுக்கு அவ்வளவும் தெரியும். பதிவேட்டுச் சங்கதிதான் தெரியாது. முதல் தடவை ஒரே ஒரு விமானம். வருகைப் பட்டியலில் இருந்த விமானம்தான் வந்தது, எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதற்காக அது வராமல் போய்விடுமா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓடுபாதை வேலியோரம் உட்கார்ந்து கோடு போட்டால் கோணலாகப் போயிற்று. அதனால் காலையிலேயே பட்டியலைப் பார்த்து வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் வந்தது. இன்றையது நூற்று எழுபத்தொன்றாவது.

இத்தனைக்கும் ஊருக்கே நியாயம் சொல்கிறவர் அவர். பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ‘வேலியோரம்’ என்று வலைப்பூ தொடங்கினார். நாற்பது பேர் படித்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் எழுதுவார். பதினேழாம் எண் பேருந்தை நிறுத்தப் பார்க்கும் நகரமன்றம், பல்லாங்குழியாகிவிட்ட தேவாலயத் தெரு, வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறக்கிற நூலகம், எல்லாம் வரும். கைபேசியைப் பார்த்து விமானப் பெயரை எழுதிக்கொள்ளும் சோம்பேறிகளுக்கு மாதம் ஒரு முறை அர்ச்சனை உண்டு. அந்த வாய்ச்சவடாலால் அவர் தன் கைபேசியில் விமானப் பெயரைக் காட்டும் அந்தச் செயலியை ஏற்றிக்கொள்ள முடியாமல் போயிற்று. அரசியலில் அவருக்கு இரண்டு கட்சியும் ஒன்று. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்.

ஐரோப்பாவை விட்டுப் பிரிவதா இருப்பதா என்று நாடே ஓட்டுப் போட்ட வருஷத்தில் மட்டும் அவர் சமநிலை இழந்தார். அவர் இருப்பதற்குப் போட்டார். நாற்பது வருஷமாக அவரோடு வேலியில் நின்ற ராய் டன்னிங், தபால்காரர், பிரிவதற்குப் போட்டார். ‘கண்ணிருந்தும் குருடர்களோடுதான் இத்தனை காலம் ஒரே வேலியில் நின்றிருக்கிறேன்’ என்று அந்த வெள்ளிக்கிழமை எழுதினார் மெர்வின். அடுத்த வியாழக்கிழமை ராய் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இருபது தப்படி தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஒன்பது வருஷம் ஆயிற்று. இரண்டு பேரும் வியாழக்கிழமை தவறுவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதுமில்லை.

அன்றும் அப்படித்தான். பதினேழாம் எண் பேருந்தில் வந்து இறங்கி, பாலாடைக்கட்டி ரொட்டியும் டீக்குடுவையுமாக மெர்வின் வந்தபோது ராய் ஏற்கெனவே அங்கே இருந்தார். பதினொன்று பத்துக்கு மேகத்துக்குக் கீழே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளம்பியது. மெர்வின் எழுந்து நின்று, வழக்கம்போல விமானத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் வாலும் இறக்கையும் தெரியும், எழுத்து தெரியாது. கோப்பையை உயர்த்தி அதற்கு வணக்கம் சொன்னார். கண் கலங்கியது. முப்பத்திரண்டும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பகுதியாக எழுதினார். முதலாவது, முழு வரிசையையும் கண்ணால் கண்ட மகிழ்ச்சி. இரண்டாவது, பொய்க் கணக்கு கொடுத்து மாட்டிக்கொண்டும் வாய் திறக்காத ஒரு மந்திரியைப் பற்றி. ‘தவறு செய்தேன் என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு ஆள் இல்லை’ என்று முடித்தார். க்ளெனிஸ் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. வாசலில் நிற்பவரின் முகம் மெர்வினுக்கு அழிந்து தெரிந்தது. ஆனால் முப்பது வருஷம் தபால் பை சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோளை அடையாளம் காண முகம் எதற்கு.

"உள்ள வரலாமா, இல்ல குருடனுக்கு அனுமதி இல்லையா?" என்றார் ராய்.

உட்கார்ந்ததும் தன் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிஸ்கட்டைத் தொடவில்லை.

"வியாழக்கிழமை நீ என்ன பாத்த?"

"அதான் எழுதியிருக்கேனே."

"எழுதினதக் கேக்கல. பாத்ததக் கேக்கறேன்."

மெர்வின் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"வந்தது லீமா டெல்டாய்யா. யாங்கிக்கு எஞ்சின்ல ஏதோ கோளாறு, கடைசி நேரத்துல மாத்தி அனுப்பிட்டாங்க. யாங்கி நாளன்னிக்குத்தான் வருது. டெல்டாவ நீ பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்ட. நாந்தான் படிச்சுச் சொன்னேன். நீ குனிஞ்சு டீ ஊத்திட்டு இருந்த."

கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இவன் யார் கேட்பதற்கு என்று நினைத்தார். ஆனால் ராய் இதை வலைப்பூவில் நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்திருக்கலாம். போடாமல் வீட்டுப் படியேறி வந்திருக்கிறார் என்பதும் உறைத்தது.

"எழுத்துத் தெரியல, ராய். ரெண்டு வருஷமாச்சு. நடுவுல எல்லாம் அழிஞ்சு போச்சு."

"எத்தன கோடு?"

"நூத்தி எழுபத்தொண்ணு."

"அப்ப அந்த மந்திரிய எதுக்குய்யா திட்டின?"

"அவன் பண்ணதும் தப்புதானே."

டீயோடு வந்து கதவருகே நின்றுவிட்ட க்ளெனிஸுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. தட்டை மேசையில் வைத்தாள். "ஊருக்கு மட்டும் உபதேசமா, மெர்வ்?" என்று மெதுவாகக் கேட்டாள். அது ராய் சொன்ன எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது.

ராய் எழுந்தார். "நீ எழுதுவியோ மாட்டியோ, எனக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ஓட்டு விஷயத்துல நான் மாறல."

"நானும்தான்."

"நல்லது." அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

மெர்வினுக்கு அன்று மாலை முழுக்க ஒரே பயம். சொல்லாவிட்டால் பதிவேடு மொத்தமும் குப்பை. எது உண்மைக் கோடு, எது பொய்க் கோடு என்று இனி அவருக்கே நம்பிக்கை வராது. சொன்னால் ஐம்பது வருஷமாகச் சம்பாதித்த ஒரே பெயர் போய்விடும். அவருக்கு வேறு பெயர் என்ன இருக்கிறது? பதினேழாம் எண்ணின் நேர அட்டவணை போட்டவர் என்று யாரும் சிலை வைக்கப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு போட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை, முதல் முறையாக வெள்ளி அல்லாத ஒரு நாளில் எழுதினார். ஐந்தே வரி. ‘வியாழக்கிழமை வந்தது லீமா டெல்டா. அதை நான் படிக்கவில்லை. இரண்டு வருஷமாக எதையும் படிக்கவில்லை. என் கண் போய்விட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் நல்ல கண் உள்ள ஒருவரைக் குருடர் என்று இங்கே எழுதினேன், அதையும் திரும்பப் பெறுகிறேன்.’ பிறகு பதிவேட்டைப் பிரித்து, அளவுகோல் இல்லாமல், நூற்று எழுபத்தொரு கோட்டின் மேலும் பெருக்கல் குறி போட்டார். க்ளெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்து வருகைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். மதியம் ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் மூன்று மறுமொழி. ஒருவர் ஏமாற்றுக்காரன் என்றார். ஒருவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். மூன்றாமவர், ‘தவறை ஒப்புக்கொண்டதால் நாடாளுமன்றத்துக்குப் போகும் தகுதியை இன்றோடு இழந்துவிட்டீர்கள்’ என்று எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலிக்குப் போனபோது ராயின் நாற்காலி அதே இருபது தப்படி தள்ளித்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மெர்வினும் தன் இடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். பதிவேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டார், பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. காற்று குளிர்ந்து வீசியது. ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஆரஞ்சு வால் தெரிந்தது. அது தாழ்ந்து, தரையைத் தொட்டு, அவர்களைக் கடந்து ஓடியது. மெர்வின் நேராகவே பார்த்தார். விமானம் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை மட்டும் இருந்தது. எந்த விமானம் என்று அவர் கேட்கவில்லை.

"லீமா யாங்கி" என்று இருபது தப்படி தள்ளியிருந்து குரல் வந்தது, காற்றுக்கு மேலே, தபால் வந்திருக்கிறது என்று தெருவுக்கே சொல்கிற குரல்.

ராய் நினைத்தால் எந்த எழுத்தையும் சொல்லியிருக்கலாம். மெர்வினால் சரிபார்க்க முடியாது. அவர் பேனாவை எடுத்து, பெருக்கல் குறி போட்ட வரியின் கீழே இன்னொரு கோடு போட்டார். அது எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து, நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். புல் ஈரமாக இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ராய் தன் டீக்குடுவையைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்.

மெர்வின் உட்கார்ந்து அவர் பக்கம் திரும்பினார். முகம் அழிந்துபோயிற்று. ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது ஓரக்கண்ணில் ராய் முழுசாகத் தெரிந்தார், இறங்கிய தோளும் நரைத்த புருவமுமாக, குனிந்து இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.