அறுபத்தொன்று

பந்தயத் தடத்தின் கடைசி வளைவில் காரைத் திருப்பியதும் கறுப்புக் கொடி தெரிந்தது. அதன் கீழே பலகையில் அறுபத்தொன்று. அவள் காரின் எண்தான்.

வீட்டிலிருந்து போன் வந்தால் கறுப்புக் கொடி காட்டிக் கூப்பிடச் சொல்லிக் காலையில் கொடிக்காரரிடம் அவள்தான் கேட்டிருந்தாள். டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். மூச்சுக்குத் திணறும் அப்பாவை விட்டுவிட்டு எந்த மகளாவது கார் ஓட்ட வருவாளா? ஆனால் அனுப்பியவரே அப்பாதான். இந்தத் தடத்தில் யாரும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டலாம். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. கதவில் ஒட்டும் எண் மட்டும் ஆளுக்கொன்று; அறுபத்தொன்று அப்பாவுடையது. வருஷத்தில் ஒரு நாளாவது ஓடி முடிக்காவிட்டால் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். இன்று கடைசி நாள்.

"போனா போகட்டும்ப்பா, வெறும் நம்பர்தானே."

"உன் வயசும்மா அந்த நம்பருக்கு. போய் ஓட்டிட்டு வா."

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர் அவர். வாரமெல்லாம் ஆமையாக ஊர்ந்துவிட்டு, விடுமுறை நாளில் இங்கே வந்து முயலாகிவிடுவார்.

காரை ஓரங்கட்டியதும் கொடிக்காரர் வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர்.

"போன் வந்துச்சா மாமா?"

"அதெல்லாம் இல்லம்மா. உன் பக்கக் கதவுல நம்பர் பறந்துடுச்சு. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஓட விடுவாங்க. இறங்காத, எடுத்துட்டு வரேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்தது. கொட்டகைக்குள் போனவர் திரும்ப நேரமாயிற்று. வந்து, குனிந்து ஒட்டினார்.

"போம்மா. கொஞ்சம் சுத்துதான் பாக்கி. நிதானமா முடிச்சுட்டு வா."

மீதிச் சுற்றுகளில் அவள் சாலையைப் பார்த்ததைவிடக் கொடிகளைப் பார்த்ததே அதிகம். கறுப்பு எங்கும் இல்லை. ஓடி முடித்து உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கீழே இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

கதவில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. ஆறு தலைகீழாக ஒட்டியிருந்தது.

இங்கே வரும் அத்தனை கார்களுக்கும் எண் ஒட்டித் தருபவர் கொடிக்கார மாமா. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் பிசகாத கை. அவள் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள்.

கொடிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கதவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொட்டகைக்குள்ள போனீங்களே மாமா, அப்பவா?"

அவர் தலையாட்டினார். "போன் வந்துச்சும்மா. அம்மாதான்... முடிச்சுட்டு வரட்டும், சொல்லாதீங்கன்னுட்டாங்க." பிறகு, "அந்தப் பக்க நம்பரப் பார்த்துதாம்மா எழுதுறாங்க. எல்லாச் சுத்தும் கணக்குல வந்துடுச்சு" என்றார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர்மேல், அம்மாமேல், எல்லாவற்றையும்விட அந்தப் பாழாய்ப்போன எண்மேல். அப்புறம்தான் அழுகை வந்தது. அவர் ஆறைப் பிய்க்க முயன்றார், வரவில்லை. அவளே நகத்தால் நெம்பி எடுத்து, நேராக்கி ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தாள்.

பின்னால் அடுத்த குழுவின் கார்கள் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அறுபத்தொண்ணு! வழியில நிக்காதீங்க, வண்டிய எடுங்க!"

அந்தக் கூப்பாட்டுக்கு எப்போதும் கை தூக்குபவர் அப்பா. இருவருமே ஒரு கணம் சுற்றுமுற்றும் தேடினார்கள். பிறகு அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, காரில் ஏறினாள்.