மஞ்சள் புள்ளி வைத்த நத்தை

"அங்க கட்டாதப்பா, பெயிண்டு உரிஞ்சிடும்!"

சாமியானாக் கயிற்றைக் காம்பவுண்டுச் சுவரோடு இழுத்துக் கட்டப் போனவனை ரெஜினா தடுத்ததும், ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் பெட்டிக்குள் கிடக்கிறார், இவளுக்குச் சுவரா பெரிசாப் போச்சு!

பெரிசுதான். அம்புரோஸ் பாதிச் சுவர்தான் அடித்திருந்தார். முந்தாநாள் சாயங்காலம் பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ மணலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். மகள் டெபோரா துபாயிலிருந்து வந்து சேர்வதற்காகத்தான் இத்தனை நேரம் வைத்திருந்தார்கள்.

ஆனால் ரெஜினாவின் கண் இப்போது சுவரடியில், தூறலில் நனைந்த மண்ணில் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் நத்தை தேடினாள்.

மழை ஆரம்பித்ததிலிருந்து மாத்தூரில் வீட்டுக்கு வீடு இதே பேஜார். ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவு. பப்பாளிக் கன்று, செம்பருத்தி, எதையும் விடவில்லை. போதாக்குறைக்குச் சுவரேறிச் சுண்ணாம்பையும் சுரண்டித் தின்றன. உப்பைப் போட்டால் ஒழியும் என்றாள் ரெஜினா. அம்புரோஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாவம்மே, நுரை தள்ளிச் சாவுது. தூக்கிப் போட்டா போச்சு."

தூக்கித்தான் போட்டார். மறுநாள் அதே கூட்டம்.

"போனதே வருதா, புச்சா வருதா?" என்றாள் ரெஜினா.

அந்தக் கேள்வி மனுஷனைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் கண்டெய்னர்களுக்குச் சாக்பீஸால் குறி போட்டு எண்ணினவர் சும்மா இருப்பாரா? பெயிண்ட் டப்பாக்களைத் திறந்து, நத்தை ஓடுகளில் புள்ளி வைத்தார். நாலு வீடு தள்ளி விட்டதற்கு, கேட்டுக்கு அடித்த சிவப்பு. டிரான்ஸ்ஃபார்மரிடம் விட்டதற்கு, ஜன்னலுக்கு அடித்த நீலம். தெருமுனைக் காலிமனையில் விட்டதற்கு, மழை விட்டதும் அடிக்கலாம் என்று வாங்கி வைத்திருந்த சுவர் மஞ்சள். யாரும் தூக்கி வைக்கக் கூடாது, தானாகச் சுவரேறி வந்தால்தான் வந்ததாகக் கணக்கு என்று சட்டம் வேறு!

சிவப்பு ரெண்டே நாளில் வந்தது, நீலம் ஆறு நாளில். மஞ்சள் மட்டும் பதினெட்டு நாளாகியும் வரவில்லை. தினம் காலையில் டீ டம்ளரோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்.

"தூரம் ஜாஸ்தி போலக் கீது, ரெஜி. வழி தெர்ல அதுக்கு."

வழி தெரிந்துதான் இருந்தது. மூன்று மஞ்சள் வந்தன. ஆசையாக வைத்த ரோஜா மொட்டையாகிப்போன நாளிலிருந்து, அவர் எழும் முன்பே கல்லுப்பு டப்பாவோடு போய்வந்த ரெஜினாவுக்கு மட்டும்தான் அது தெரியும். இருட்டில் புள்ளி எங்கே தெரிகிறது? நுரை அடங்கின பிறகுதான் தெரியும். உப்புப் போடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணியவள் எந்த வாயால் சொல்லுவாள்? நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று தள்ளித் தள்ளியே இருந்துவிட்டாள். தப்பான பதிலோடு மனுஷனை அனுப்புகிறோமே என்றுதான் இப்போது சுவரடியில் ஒரு மஞ்சளாவது தென்படுமா என்று பார்த்தாள்.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா டீ ஃபிளாஸ்கோடு வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா தேடுற? தோடு கீடு வுழுந்துச்சா?"

ரெஜினா அவள் காதோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஷரீஃபுன்னிசா சிரிக்கவில்லை.

"மொத்தம் எத்தினி மஞ்ச வுட்டாரு?"

"ஒம்போது."

"மூணு போச்சு. மிச்சம் ஆறு எங்கனா வந்துகினுதான இருக்கும்?" என்றவள், ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் போனாள்.

அம்புரோஸைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஃபாதர் ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். நாலு பேர் மூடியை எடுக்கக் குனிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யக்கா! எங்கூட்டு சைடு செவுத்துல! மஞ்ச!"

"தொட்டியா?"

"தொடல!"

"தொடாத! தானா வரட்டும்."

"மூடுங்கப்பா, நேரமாச்சு" என்றார் ஒரு பெரியவர்.

"இருங்க!" ரெஜினா பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவ வுடும்மா" என்று டெபோரா தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண் நிறையப் பார்த்துக்கொள்ளட்டும் பாவம் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். வெளியே வண்டிக்காரன் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான்.

ரெஜினா சுவர் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ரெண்டு கொம்பு தெரிந்தது. அப்புறம் ஓடு, அதில் ஓரம் உதிர்ந்த மஞ்சள் புள்ளி. உச்சியில் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் தலையை ஆட்டிவிட்டு, இந்தப் பக்கமாகச் சாய்ந்து, புதுப் பெயிண்டின் மேல் இறங்க ஆரம்பித்தது.

அவள் அம்புரோஸின் காதருகே குனிந்தாள்.

"மஞ்ச வந்துடுச்சுங்க. முன்னாடியே மூணு வந்துச்சு. நான்தான் உப்பு போட்டுட்டேன்."

டெபோரா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். ரெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை எடுத்தாள்.

"ம், மூடித் தூக்குங்க."

சுவரோரமாகத் தூக்கிக்கொண்டு போகும்போது, தோள் கொடுத்த ஒருவன் நத்தையைத் தட்டிவிடக் கை ஓங்கினான்.

"டேய், கைய வெச்ச, அவ்ளோதான்!" என்று சுவருக்கு மேலே ஷரீஃபுன்னிசாவின் தலை எழும்பியது.

பெட்டி கேட்டைத் தாண்டியது. நத்தை பளபளவென்று ஈரக்கோடு இழுத்தபடி, மிச்சமிருந்த ரோஜாக் குச்சியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து வண்டியை நோக்கி நடந்தாள்.